ராமையாவின் எஞ்சினும் சவிரிமுத்துவின் பம்ப்பும்

கிளிநொச்சியில் இறங்கியதும் முதலில் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் சர்க்கரை மாத்திரை. அப்புறம் பட்டறை முதலாளி கொடுத்தனுப்பிய, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நோசில் பொட்டலம். மூன்றும் இருந்தன. ஆனாலும் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரியே இருந்தது. வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா என்று மனைவிக்குப் போன் போட்டேன். "நீங்க எப்பங்க அடுப்புப் பக்கம் வந்தீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

நான் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் டீசல் எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறவன். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. அதுவும் முதலாளி காரியமாக. இங்கிலாந்தில் பழைய லாரிகளைத் தேடிப் பிடித்துப் புதுசாக்கி ஓட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிற ஒரு வெள்ளைக்காரர் எங்கள் முதலாளிக்குப் பழக்கம். அவருடைய லாரி ஒன்றுக்கு எஞ்சின் இல்லை. அந்த மாடல் அங்கேயே கிடைப்பதில்லையாம். வவுனியாவில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் அப்பா வீட்டுக் கொட்டகையில் கிடந்த எஞ்சினைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். படம் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து நாமக்கல்லுக்கு வந்து, கடைசியில் என்னைக் கிளிநொச்சிக்கு அனுப்பிவிட்டது.

"போய் ஓட்டிப் பாரு. ஓடறதப் போன்ல புடிச்சு அனுப்பு. மத்தத நான் பேசிக்கறேன்" என்றார் முதலாளி.

அந்த எஞ்சினைச் செய்த ஆங்கிலேயக் கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஏதாவது வில்லங்கம் வருமோ என்று பயம். கம்பெனியே இல்லாமல் போய்விட்டது, யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று மனைவி கேட்கிறாள். இல்லாமல் போனவர்களுக்குத்தான் வாரிசு அதிகம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. இட்லி கேட்டேன். இல்லை. புட்டு வந்தது. கூடவே வெளிர் மஞ்சளாய், பால் மாதிரி ஒரு குழம்பு. சொதி என்றார்கள். எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரை போட்டு, தேங்காய் போட்டு, உடம்பு சரியில்லாத குழந்தைக்குக் கொடுப்பது. இங்கே மூட்டை தூக்குகிற ஆள் அதைச் சொதியில் குழைத்து உருட்டி உருட்டி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார். நானும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. வயிற்றை ஏதும் செய்யுமோ என்று அரைமணி நேரம் கவனித்தேன். ஒன்றும் செய்யவில்லை.

"இந்தியாவோ? சேலை விக்க வந்தனீங்களோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லைங்க. ஒரு பழைய லாரி எஞ்சின் பார்க்க வந்தேன்."

"இரும்பு எடுக்கிறவை எல்லாம் அப்பவே வந்து அள்ளிக்கொண்டு போட்டினம். நீங்கள் சரியாப் பிந்திட்டியள்."

கடைக்கு வெளியே ஒரு சிவப்பு அரசு பஸ் வந்து நின்றது. அதன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலைக்கே ஒரு காலத்தில் தொழில் சொல்லிக் கொடுத்தது நான் பெயர் சொல்லாத அந்த ஆங்கிலேயக் கம்பெனிதான்.

படம் போட்ட பெண்ணின் அப்பா ராமையா அண்ணன். அவர் வீடு ஊருக்கு வெளியே, இரணைமடு வாய்க்கால் ஓரமாக உள்ளே போனால் வருகிறது. அறுபதைத் தாண்டியவர். நெல் வயல், நாலு மாடு. அவர் மனைவி லெச்சுமி அக்கா வாசலுக்கு வந்து, "வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்றபோது நான் திகைத்துவிட்டேன். காலையிலிருந்து 'ஓம்', 'வாங்கோ' என்று கேட்ட காதுக்கு, அக்கா பேசியது எங்கள் ஊர்ச் சந்தையில் பேசுகிற மாதிரியே இருந்தது.

"நாங்க மலையகத்து ஆளுங்க. தேயிலைத் தோட்டத்துல இருந்து கலவரத்துக்குப் பயந்து வந்தவங்க. இவரு சின்னப்புள்ளையில வந்ததால இந்த ஊர்ப் பேச்சு பேசுறாரு. நான் கல்யாணம் கட்டி வந்தவ, மாத்திக்கல" என்றார்.

"எங்கட பாட்டன் துறையூர்ப் பக்கமாம். உங்களுக்குத் தெரியுமோ?" என்று ராமையா அண்ணன் கேட்டார்.

"ஒரு பஸ் புடிச்சா போயிரலாம்ங்கண்ணா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவு பக்கத்திலா என்கிற மாதிரி.

எஞ்சின் தகரக் கொட்டகையில், மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சாக்கை விலக்கினேன். ஆறு சிலிண்டர். சண்டைக்காலத்தில் சாமான்களை மண்ணுக்குள் புதைத்துவிட்டுத்தான் இங்கே எல்லோரும் ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள். தையல் மிஷின், தண்ணீர் பம்ப், கதவு நிலை எல்லாம். ராமையா அண்ணன் இந்த எஞ்சினுக்கு கிரீஸ் பூசி, பாலிதீன் சுற்றி, உரச்சாக்கில் கட்டிப் புதைத்திருக்கிறார். திரும்பி வந்து தோண்டி எடுத்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, கையாலேயே சுற்றி விட்டு வைத்திருக்கிறார். நான் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. லாரியின் மீதி உடம்பு எரிந்துபோய் இரும்புக்காரரிடம் போய்விட்டதாம்.

எல்லாம் இருந்தது. எஞ்சினுக்கு டீசல் ஊட்டுகிற பம்ப் மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், காயம்பட்ட கைக்குக் கட்டுப் போட்ட மாதிரி.

"பம்ப் எங்கேங்கண்ணா?"

"முல்லைத்தீவில ஒருத்தனிட்டக் கிடக்கு."

"போன் போட்டு வரச்சொல்லலாம்ங்களே."

"நான் அவனோட கதைக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

லெச்சுமி அக்கா எனக்குத் தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ளச் சம்பலும் வைத்தார். வைத்துக்கொண்டே சொன்னார்.

அந்த லாரி இங்கிலாந்திலிருந்து நேராக ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. ராமையா அண்ணனின் அப்பாதான் டிரைவர். கொழுந்து ஏற்றினவர். இந்த வன்னிப் பக்கம் வந்து, காடு வெட்டி, வயல் செய்து, கொஞ்சம் கையில் சேர்ந்ததும் தோட்டத்துக்கே திரும்பிப் போய், கழித்துக் கட்டிய அதே லாரியை ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். துரைக்கு ஓட்டின வண்டி தன் வாசலில் நிற்கிறது என்று காலையில் எழுந்ததும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பாராம். வயசான பிறகு சவிரிமுத்து என்கிற முல்லைத்தீவுக்காரரை டிரைவராக வைத்துக்கொண்டார்கள். ராமையா அண்ணனுக்கு அவர் கூடப்பிறக்காத தம்பி.

"சண்டக் காலத்துல வாகனம் வச்சிருந்தவங்க எல்லாம் ஒண்ணு செய்வாங்க தம்பி. வண்டி நிக்கிறப்ப ஒரு சாமானக் கழட்டி டிரைவருகிட்டக் குடுத்துருவாங்க. யாரு வந்து வண்டியக் கேட்டாலும், பம்ப் பழுது, வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லலாமில்ல. நம்ம பம்ப் சவிரி அண்ணன்கிட்ட இருக்கும். அன்னைக்கும் இவருதான் கழட்டிக் கொண்டுபோகச் சொன்னாரு. சவிரி அண்ணன் தன் வீட்டப் பாத்துட்டு வாறேன்னு கடற்கரைக்குப் போச்சு. அதுக்குள்ள எல்லாரும் எந்திரிச்சு ஓடுற மாதிரி ஆயிருச்சு. பாதை அடைபட்டுப்போச்சு. அது வரல. நாங்க பாத்துப் பாத்து, எஞ்சினப் பொதச்சுட்டு நடந்தோம்."

ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"மாமாவுக்கு நடக்க ஏலாது. நாக்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போனோம். வழியிலயே போயிட்டாரு. இவரு அன்னையிலிருந்து சவிரி அண்ணன் பேர எடுக்கிறதில்ல. பம்ப் இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாருன்னு மனசுல."

நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் பார்க்க வந்த இடத்தில் இதையெல்லாம் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று இருந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க போய்க் கேளுங்க தம்பி. இவரு போகமாட்டாரு."

மறுநாள் சனிக்கிழமை. முல்லைத்தீவு பஸ் என்று நினைத்து ஏறினேன். ஏறும் முன் நாலு பேரிடம் கேட்டிருக்க வேண்டும். ஒருவரிடம்தான் கேட்டேன், அவரும் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டியிருக்கிறார். ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தபோதுதான் சந்தேகம் வந்தது.

"முல்லைத்தீவோ? ஐயா, இது யாழ்ப்பாணம் போற பஸ்" என்றார் கண்டக்டர். "பரந்தன் சந்தியில எல்லோ இறங்கியிருக்க வேணும். பரவாயில்லை, உப்பையும் பாத்திட்டுப் போங்கோ."

ஆனையிறவில் இறக்கிவிட்டார்கள். உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. நிழல் என்று ஒன்றும் இல்லை. எதிர்ப் பக்கம் பஸ் வரும் வரை உப்புக் காற்றில் நின்றுகொண்டு, வேறு என்ன செய்வது, அந்தக் கம்பெனியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் வீடியோ போனில் அடிக்கடி அந்தக் கதையை எடுப்பார். முதலாளி பாதியைத் தமிழில் சொல்லுவார், மீதியை நானாகப் புரிந்துகொள்வேன்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் ஒரு கொல்லர் வீட்டுப் பையன். நீராவியில் ஓடுகிற புல்வெட்டும் மிஷின் ஒன்று செய்தானாம். அப்புறம் நீராவியில் ஒரு சாமான் வண்டி. அதிலிருந்து லாரி, லாரியிலிருந்து பஸ். வண்டிகளுக்கெல்லாம் காட்டு மிருகங்களின் பெயர் வைப்பார்களாம். சிங்கம், சிறுத்தை, நீர்யானை என்று. இன்னொரு மிருகமும் உண்டு. அந்தப் பெயரை இங்கே உரக்கச் சொல்ல வேண்டாம் என்று முதலாளி எச்சரித்து அனுப்பியிருந்தார்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. முதல் உலகச் சண்டைக்கு அந்தக் கம்பெனி படைக்கு ஏராளமாய் லாரி செய்து கொடுத்தது. சண்டை முடிந்தது. குண்டடிபட்டு, சேற்றில் கிடந்த லாரிகளை அரசாங்கம் ஏலம் விடப் பார்த்தது. யாராவது வாங்கி அரைகுறையாய் ஒட்டுப்போட்டு ரோட்டில் விட்டால் நம் பெயர் கெட்டுப்போகுமே என்று, கம்பெனியே தன் லாரிகளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றாய்ப் பிரித்து, சரிசெய்து விற்றதாம். அதில் கம்பெனி கிட்டத்தட்ட முழுகியே போய்விட்டது. பிழைத்து எழுந்து, உலகம் பூராவும் வண்டி அனுப்பியது. அப்புறம் அவனைச் சேர்த்து, இவனைச் சேர்த்து, கார் கம்பெனியையும் சேர்த்து ஊதிப் பெருத்து, அரசாங்கம் கையில் போய், கடைசியில் லாரியை ஒரு நாட்டுக்காரனும் பஸ்ஸை இன்னொரு நாட்டுக்காரனும் எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வீடுகள் கட்டியிருக்கிறார்களாம்.

நஷ்டம் என்று தெரிந்தே திரும்ப வாங்கினார்களே, அந்தக் கூட்டத்தில் கவலைப்படுகிற ஆள் ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். ராத்திரி படுத்தால், 'நாம் செய்த வண்டி எங்கே எப்படிக் கிடக்கிறதோ' என்று புரண்டிருப்பான்.

பரந்தனுக்குத் திரும்பி, இந்தத் தடவை ஆறு பேரிடம் கேட்டு, முல்லைத்தீவு பஸ் ஏறினேன்.

சவிரிமுத்து அண்ணனைக் கடற்கரையில் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் படகு மோட்டாரை இறக்கி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கறுத்த, உயரமான மனிதர். கழுத்தில் செபமாலை. இப்போது லாரி ஓட்டுவதில்லை, ஊரின் படகு மோட்டாரெல்லாம் அவர் கையில்தான்.

"ராமையா அண்ணன் வீட்டுல இருந்து வர்றேனுங்க. பம்ப் விஷயமா."

மோட்டாரை நிறுத்தினார். "அவரே அனுப்பினவர்?"

பொய் சொன்னால் சுலபமாக இருந்திருக்கும். எனக்குப் பொய் சொன்னால் ராத்திரி தூக்கம் வராது. "இல்லைங்கண்ணா. அக்காதான் அனுப்புனாங்க."

வீட்டுக்குக் கூட்டிப்போனார். அலமாரிக்கு அடியிலிருந்து மூடி போட்ட ஒரு பானையை இழுத்தார். உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள் பம்ப். தூக்கித் துடைத்து என் கையில் கொடுத்தார். நான் எத்தனையோ பம்ப் பார்த்திருக்கிறேன். பட்டறையில் இப்படி ஒன்றை வைத்திருந்தால் முதலாளி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்.

"இடைக்கிடை எடுத்துச் சுத்தி விடுறனான். இறுகிப்போகக் கூடாதெல்லோ" என்றார்.

"கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்ங்களே?"

"ஊருக்குத் திரும்பின கையோட கொண்டுபோனனான். வாசல் படலைக்கு வெளியில நிண்டனான். உள்ள பெரியவரின்ரை படத்துக்கு மாலை போட்டிருந்தது. ராமையா அண்ணை முற்றத்தில நிண்டவர். என்னைப் பாத்தவர். வா எண்டு சொல்லேல்லை. நானும் போகேல்லை."

அவர் மனைவிக்கு வேறு கவலை. சனிக்கிழமை நான் மீன் சாப்பிடுவதில்லை. எங்கள் ஊர் ஆஞ்சநேயருக்கு நேர்ந்தது. "மீன் தின்னாத மனுசனுக்கு இந்த வீட்டில நான் எதைக் குடுக்க?" என்று அந்த அம்மா அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தார். கடைசியில் பாண் என்கிற பேக்கரி ரொட்டியும் சம்பலும் வாழைப்பழமும் வந்தன. "கடல் முழுக்க மீன் வைச்சுக்கொண்டு வாழைப்பழம் தின்னுறார்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

பம்ப்பை என்னிடம் தர மாட்டேன் என்றார் சவிரிமுத்து அண்ணன். "நாளைக்குப் பூசை முடிய நானே கொண்டுவந்து பூட்டித் தாறன். ஓட்டிக் காட்டிப்போட்டு, கழட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில திரும்பிடுவன். வீட்டுக்குள்ள வர மாட்டன்."

அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவர் பம்ப்பைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கண்டக்டர் கீழே வைக்கச் சொன்னதற்குக் காதே கேட்காத மாதிரி இருந்தார். வட்டுவாகல் பாலத்தைத் தாண்டும்போது வாவியின் அந்தக் கரையைக் காட்டினார்.

"அங்கால வற்றாப்பளை. கண்ணகி அம்மன். பொங்கலுக்கு எங்கட கடலில வந்துதான் தண்ணி எடுப்பினம். அந்த உப்புத் தண்ணியில விளக்கு எரியும். நாங்கள் வேதக்காரர்தான், எண்டாலும் அவை வாற அண்டைக்குக் கரையைக் கூட்டி விடுவம்."

"உப்புத் தண்ணியில எப்படிங்க எரியும்?"

"டீசல் வராத காலத்தில அந்த லொறியை நான் மண்ணெண்ணெயில ஓட்டியிருக்கிறன். தேங்காயெண்ணெயும் கலந்து ஓட்டியிருக்கிறன். ரோட்டெல்லாம் வடை சுட்ட மாதிரி மணக்கும். அதெப்படி ஓடினதெண்டு உங்களுக்குச் சொல்லத் தெரியுமோ?"

தெரியவில்லை. பதிலுக்கு, கம்பெனி தன் லாரிகளைத் திரும்ப வாங்கிய கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நல்ல மனுசர். எங்கட லொறியளைத் திரும்பி வாங்க ஆர் வந்தது? இரும்புக்காரன் தராசோட வந்தவன்."

புதுக்குடியிருப்புக்கு முன்னால் பஸ்ஸை மறித்துச் சோதனை. ஒரு சின்ன வயசுச் சிப்பாய் ஏறி, சாக்கைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். நான் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், யாரும் கேட்காமலே. சவிரிமுத்து அண்ணன் சாக்கை விரித்துக் காட்டி ஏதோ சொன்னார். சிப்பாய் குனிந்து பார்த்தான். விரலால் தட்டினான். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். அவன் இறங்கிப் போனதும் கேட்டேன்.

"'எந்த வாகனத்தின்ரை பம்ப்?' எண்டான். சொன்னன். 'எங்கட அப்பாவும் அந்த லொறிதான் ஓட்டினவர், தேங்காய் ஏத்தி. பிரேக் பிடிச்சா நிக்க ஒரு ஊர் வேணுமெண்டு சொல்லுவார்' எண்டான்." சவிரிமுத்து அண்ணன் சாக்கைத் திரும்ப மடித்தார். "உண்மைதான். பிரேக் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும்."

கொட்டகைக்குப் போனபோது ராமையா அண்ணன் ஒரு நாற்காலியை மாமர நிழலில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சவிரிமுத்து அண்ணன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தார். லெச்சுமி அக்கா "வாங்க அண்ணே" என்றார். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

வேலை தொடங்கியது. நான் நோசில்களை மாற்றினேன். அவர் பம்ப்பை உட்கார்த்தினார்.

"பம்ப் சேருற கப்ளிங்கில கோடு நேர நிக்குதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ" என்றது முதுகு.

நான் சவிரிமுத்து அண்ணனைப் பார்த்தேன். பத்தடி தூரம். அவருக்கும் நன்றாகவே கேட்டிருக்கும்.

"கோடு நேரா நிக்குதுங்களான்னு கேட்கிறாருங்க."

"பாத்துத்தான் பூட்டினது எண்டு சொல்லுங்கோ."

"பாத்துட்டாருங்களாம்."

"மூண்டாவது பைப் எப்பவும் கசியிறது. இறுக்கச் சொல்லுங்கோ."

"அது எனக்குத் தெரியாதாமோ எண்டு கேளுங்கோ."

இதை நான் போய்க் கேட்கவில்லை.

டீசல் ஊற்றி, பம்ப்பில் காற்றை வெளியேற்றினோம். குமிழ் வந்தது, நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல். பக்கத்து வயல்காரரின் டிராக்டர் பேட்டரியை இணைத்தோம். ரேடியேட்டர் இல்லாததால் குழாய் வைத்துத் தண்ணீர் ஓடவிட்டோம். நான் போனை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் என் புத்திக்கு ஒன்று உறைத்தது.

இந்த எஞ்சின் ஓடாமல் போனால், இவர்கள் ஊரை விட்டு நடந்த அன்றைக்கும் ஓடியிருக்காது என்று ஆகும். பம்ப் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று ஆகும். சவிரிமுத்து அண்ணன் நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். ஓடிவிட்டால், அன்றைக்கும் ஓடியிருக்கும். முப்பத்தைந்து வருஷமாக எஞ்சின் ஓட வேண்டும் என்று சாமி கும்பிட்டவன் நான். அன்றைக்கு என்ன கும்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். சவிரிமுத்து அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் இதைப் பஸ் ஏறும்போதே யோசித்து முடித்திருந்தார் என்று தோன்றியது. தெரிந்துதான் வந்திருக்கிறார்.

"போடுவமோ?" என்றார்.

முதல் சுற்றில் புகை வந்தது. இரண்டாவதில் ஒரு இருமல். பிறகு பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, கோழிகள் பறந்தன. அப்படியொரு நிதானமான ஓட்டம். முதலாளி காரியம் முடிந்தது, என் கையில் போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

ராமையா அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு ஏறும் வரை எடுக்கவே இல்லை. பிறகு கையால் காட்டினார். சவிரிமுத்து அண்ணன் நிறுத்தினார்.

"அண்டைக்கு இது ஓடியிருக்கும்" என்றார் ராமையா அண்ணன். இந்தத் தடவை நடுவில் நான் இல்லை.

"ஓம் அண்ணை. ஓடியிருக்கும்."

குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லெச்சுமி அக்கா வந்து அதை மூடினார்.

"ஓடியிருக்கும்" என்றார் அக்கா. "ஓடி எங்க போயிருக்கும்?"

ராமையா அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"நடந்து வந்தப்ப பாத்தீங்கதானே, வழி பூரா வாகனம். எது நகந்துச்சு? அந்த வளைவுல நின்ன டிராக்டரு அப்படியே நின்னுச்சு. நாம அதத் தாண்டி வந்தோம். அதுமேல இருந்தவங்க எறங்குனாங்களா? கதவும் தகரமும் நெல்லு மூட்டையும் ஏத்தி வச்சிருந்தாங்க. விட்டுட்டு எறங்க மனசு வரல. அவங்கள்ல எத்தன பேர நாம பொறவு பாத்தோம்?"

அக்கா எஞ்சின் பக்கம் கையைக் காட்டினார்.

"லொறி ஓடியிருந்தா நீங்களும் ஏத்தியிருப்பீங்க. வீட்டையே பிரிச்சு ஏத்தியிருப்பீங்க. பொறவு லொறி நின்னா? மாமா எறங்கியிருப்பாரா? அவரு வாங்குன லொறி. தூக்கி எறக்கினாலும் திரும்ப ஏறியிருப்பாரு. அவரு எறங்கலன்னா நீங்க எறங்குவீங்களா? நாம எல்லாரும் அதுமேலயே குந்தியிருப்போம். பிள்ளையையும் வச்சுக்கிட்டு." அக்கா சேலையில் கையைத் துடைத்தார். "ஒண்ணும் இல்லாததாலதான் நடந்தோம். நடந்ததாலதான் நாம மூணு பேரு இருக்கோம்."

"இதை ஏன் நீ ஒரு நாளும் சொல்லேல்லை?" என்றார் ராமையா அண்ணன்.

"என்கிட்ட யாரு கேட்டீங்க? நீங்க அந்தாள் பேச்ச எடுத்தாத்தானே நான் சொல்றதுக்கு." சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். "ரொட்டி கருகுது."

இரண்டு பேரும் எஞ்சினின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். நான் ஸ்பேனர்களை அடுக்கினேன், அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன். வெயில் இறங்கியிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சவிரிமுத்து அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். ஸ்பேனரை எடுத்துப் பம்ப் போல்ட்டில் வைத்தார்.

"அதை ஏன் கழட்டுறாய்?" என்றார் ராமையா அண்ணன்.

சவிரிமுத்து அண்ணன் கை நின்றது.

நான்தான் வாயைத் திறந்தேன். "அண்ணா, படம் எடுத்தாச்சுங்க. எஞ்சின் நல்லாருக்குங்க. முதலாளிக்கு என்னங்க சொல்லட்டும்? கொடுக்கறீங்களா?"

"என்னைக் கேட்டா?" என்றார் ராமையா அண்ணன். சவிரிமுத்துவைக் கையால் காட்டினார். "பாதி இவன்ரை. இவனையும் கேக்க வேணும்."

சவிரிமுத்து அண்ணன் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா திடீரெண்டு கேட்டா என்னண்டு சொல்றது? யோசிக்க வேணும்."

"யோசி. ஆர் வேண்டாமெண்டது? வந்து சாப்பிட்டிட்டு யோசி."

ஸ்பேனரைக் கட்டை மேல் வைத்துவிட்டு சவிரிமுத்து அண்ணன் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு, முன்வாசல் வழியாக உள்ளே போனார். அக்கா மூன்று தட்டு வைத்தார். என்னையும் கூப்பிட்டார். எனக்கு ஊர் திரும்ப வவுனியா ரயிலைப் பிடிக்க வேண்டும், பிந்திவிடுமோ என்ற பயம். ரொட்டியைக் காகிதத்தில் கட்டி வாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து, மூன்றாவது பைப்பை ஒழுங்காய் இறுக்கினானா இல்லையா என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

படலையைச் சாத்தும்போதே போன் அடித்தது. முதலாளி.

"என்னய்யா, படம் பாத்தேன், அருமையா ஓடுது. ஓனரு என்ன சொல்றாரு?"

"ஓனரு ரெண்டு பேருங்க" என்றேன். "ரெண்டாவது ஓனரு இப்பத்தாங்க சாப்பிட உக்காந்திருக்காரு."